தொட்டுப் பணிசெய்யும் ட்ரோன்கள்: ஒரு வரலாறு

தொட்டுப் பணிசெய்யும் ட்ரோன் என்பது, பறந்துகொண்டிருக்கும்போதே தன்னைச் சுற்றியுள்ள பொருள்களைப் பிடிக்கவோ, தள்ளவோ, இழுக்கவோ, வெட்டவோ, தொட்டு அளக்கவோ கூடிய ஆளில்லா வானூர்தி ஆகும். திருமண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் தலைக்கு மேலே பறந்து படம் பிடிக்கும் ட்ரோனை இன்று பலரும் பார்த்திருப்பார்கள். அதற்குக் கண் உண்டு; கை இல்லை. அது எதையும் தொடாமல் விலகியிருக்கும் வரைதான் அதற்குப் பாதுகாப்பு. ஓர் இலையோ மின்கம்பியோ பட்டால் கீழே விழுந்துவிடும்.

பார்ப்பதும் தொடுவதும் ஒன்றல்ல. பாலத்தின் அடிப்பகுதியில் விரிசல் இருப்பதைப் படத்தில் காணலாம். ஆனால் உள்ளே இரும்பு எவ்வளவு அரிக்கப்பட்டுள்ளது என்பதை அறிய ஒரு கருவியை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும். இதுபோன்ற வேலைகளுக்காகத்தான் மனிதர்கள் இன்றும் சாரத்தில் ஏறுகிறார்கள், கயிற்றில் தொங்குகிறார்கள். ட்ரோனுக்குக் கை கிடைத்தால் அவர்களுள் சிலராவது தரையில் நின்று வேலை பார்க்கலாம். அந்தக் கை எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடுவது ஏன் கடினம்?

சக்கரம் வைத்த நாற்காலியில் கால்களைத் தரையில் ஊன்றாமல் அமர்ந்து, எதிரே உள்ள சுவரைக் கையால் தள்ளிப் பார்த்தால் இந்தச் சிக்கல் உடனே விளங்கும். சுவர் நகராது, நாற்காலி பின்னால் உருளும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே செயல்படுகிறது. தரையில் நிற்பவருக்கு அந்த எதிர்விசையைத் தாங்கக் கால்கள் இருக்கின்றன. காற்றில் நிற்கும் ட்ரோனுக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை.

இரண்டாவது சிக்கல் அதன் உடலமைப்பில் உள்ளது. வெளியில் உள்ள ஒரு பொருள் ஆறு வகையாக அசைய முடியும். மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என மூன்று நகர்வுகள்; அந்த மூன்று அச்சுகளைச் சுற்றி மூன்று திரும்பல்கள். வழக்கமான ட்ரோனில் நான்கு விசிறிச் சுழலிகள் இருக்கின்றன. நான்கும் மேல்நோக்கியே தூக்குகின்றன. நான்கு சுழலிகளைக் கொண்டு நான்கு அசைவுகளைத்தான் தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடியும். எனவே அது முன்னே போக வேண்டுமானால் முதலில் உடலை முன்பக்கம் சாய்க்க வேண்டும். சாயாமல் ஒரு சுவரைத் தள்ள அதனால் இயலாது.

மூன்றாவதாக, கையை நீட்டும்போது ஈர்ப்பு மையம் இடம் மாறுகிறது. ஒரு பொருளைப் பிடித்த கணத்தில் மொத்த எடை திடீரெனக் கூடுகிறது. விட்டால் திடீரெனக் குறைகிறது. சுவருக்கும் தரைக்கும் அருகில் சுழலிகளின் காற்றோட்டமும் மாறுகிறது. இவற்றோடு ஒரு நுட்பமான ஆபத்தும் உண்டு. சுவரில் முட்டி நிற்கும் ட்ரோனின் கணினி, தான் போக வேண்டிய இடத்தை அடையவில்லை என்று எண்ணி மேலும் மேலும் தள்ளும். பிடி நழுவினால், சேர்த்து வைத்த விசையெல்லாம் சேர்ந்து அதைத் தூக்கி எறியும்.

மனிதர்கள் பிடித்து நிறுத்திய நாற்சுழலி

நான்கு சுழலிகளால் பறக்கும் எண்ணம் புதியதன்று. 1907ஆம் ஆண்டில் பிரான்சில் லூயி பிரெகே, சகோதரர் ஜாக்குடனும் பேராசிரியர் சார்ல் ரிஷேயுடனும் சேர்ந்து நாற்சுழலி வானூர்தி ஒன்றைக் கட்டினார். அது ஓர் ஆளுடன் தரையை விட்டுச் சிறிது உயரம் எழும்பியது. ஆனால் அதற்குத் தன்னைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. நான்கு மூலைகளிலும் நான்கு பேர் நின்று அதைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1922இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரில் ஜார்ஜ் டி போத்தேசாட் தம் நாற்சுழலியைப் பறக்க வைத்தார். 1924இல் பிரான்சின் எத்தியன் ஏமிஷன் ஒரு கிலோமீட்டர் தொலைவைச் சுற்றிப் பறந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார். எனினும் நான்கு சுழலிகளையும் ஓயாமல் சரிசெய்துகொண்டிருப்பது ஒரு விமானிக்குப் பெரும் சுமையாக இருந்தது. பின்னர் இகோர் சிகோர்ஸ்கியின் ஹெலிகாப்டர், மேலே ஒரு பெரிய சுழலியும் வாலில் ஒரு சிறிய சுழலியும் கொண்டு அந்தச் சுமையைக் குறைத்தது. நாற்சுழலி வெகுகாலம் மறக்கப்பட்டது.

கொடுக்க மட்டும் தெரிந்த காலம்

ஆளில்லா ஹெலிகாப்டர்கள் உலகத்தோடு முதலில் கொண்ட உறவு, எதையாவது கீழே போடுவதாகவே இருந்தது. 1960களில் அமெரிக்கக் கடற்படை, கப்பலிலிருந்து புறப்படும் கியூஎச்-50 என்னும் ஆளில்லா ஹெலிகாப்டரைப் பயன்படுத்தியது. நீர்மூழ்கிக் கப்பல் இருக்கும் இடத்துக்கு மேல் பறந்து நீர்மூழ்கிக் குண்டுகளைப் போடுவது அதன் பணி. இத்துறையின் தொடக்கம் போர்த்தேவையோடு பிணைந்தது என்பதை மறக்க முடியாது.

அமைதிக் காலப் பயன் ஜப்பானின் நெல்வயல்களில் வந்தது. உழவர்களுக்கு வயதாகி, மருந்து தெளிக்க ஆள் கிடைக்காத நிலையில், யமஹா நிறுவனம் 1987இல் ஆர்-50 என்னும் ஆளில்லா ஹெலிகாப்டரை உருவாக்கியது. அது ஏறத்தாழ 20 கிலோ சுமையைத் தூக்கியது. 1997இல் ஆர்மேக்ஸ் என்னும் அடுத்த வடிவம் வந்தது.

2011 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் கே-மேக்ஸ் என்னும் ஆளில்லா ஹெலிகாப்டர், கொக்கியில் தொங்கவிட்ட பொருள்களை அமெரிக்கப் படை முகாம்களுக்குக் கொண்டுசென்றது. சாலையோரக் கண்ணிவெடிகளுக்கு நடுவே லாரி ஓட்டும் ஆபத்தைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. குண்டைப் போடுவது, மருந்தைத் தெளிப்பது, சுமையை இறக்குவது ஆகிய மூன்றிலும் வானூர்தி கொடுக்கிறது. எதையும் தானாக நாடிப் பிடிக்கவில்லை. எதிர்விசையை அது சந்திக்கவே இல்லை.

நாற்சுழலியின் மறுவருகை

மறக்கப்பட்ட நாற்சுழலியை மீட்டுக் கொண்டுவந்தவை மிகச் சிறிய பொருள்கள். கார்களின் காற்றுப்பைகளுக்காகவும் பின்னர்க் கைப்பேசிகளுக்காகவும் சிலிக்கான் சில்லில் செதுக்கப்பட்ட நுண் முடுக்கமானிகளும் கைரோஸ்கோப்புகளும் பெருமளவில் உற்பத்தியாகி விலை குறைந்தன. லித்தியம் மின்கலமும் எடை குறைந்த மோட்டாரும் சேர்ந்துகொண்டன. ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை நிலையைச் சரிபார்த்து நான்கு மோட்டார்களின் வேகத்தையும் மாற்றும் வேலையை ஒரு நுண்செயலி ஏற்றுக்கொண்டது. 1907இல் நான்கு பேர் மூலைக்கு ஒருவராக நின்று செய்த வேலைதான் இது. 2010இல் பிரெஞ்சு நிறுவனமான பேரட், கைப்பேசியால் இயக்கக்கூடிய நாற்சுழலியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது பொதுமக்களின் கைக்கும் எட்டியது.

2011: பிடிக்கக் கற்ற ஆண்டு

வானில் நிலையாக நிற்கக் கற்றபின், கை பொருத்தும் முயற்சிகள் பல இடங்களில் ஒரே காலத்தில் தொடங்கின. 2011இல் அவற்றின் முடிவுகள் அடுத்தடுத்து வெளிவந்தன.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பால் பவுண்ட்ஸ், டேனியல் பெர்சாக், ஆரன் டாலர் ஆகியோர் ஒரு சிறு ஹெலிகாப்டரின் அடியில் வளைந்து கொடுக்கும் விரல்களை உடைய கையைப் பொருத்தினர். அந்த ஹெலிகாப்டர் அந்தரத்தில் நின்றபடியே தரையில் கிடந்த பொருளை எடுத்தது. விறைப்பான இரும்புக் கையாக இருந்தால், பொருள் சற்று விலகியிருந்தாலும் மோதி ஹெலிகாப்டரைக் கவிழ்த்துவிடும். விரல்கள் மென்மையாக இருந்ததால், சிறு பிழைகளை அவையே உள்வாங்கிக்கொண்டன. துல்லியம் போதாத இடத்தில் நெகிழ்வு உதவும் என்பது இத்துறையின் முதல் பெரிய பாடம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், இந்தியாவில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்த விஜய் குமாரும் அவருடைய மாணவர்களும், சிறு நாற்சுழலிகளின் குழு ஒன்றைக் கொண்டு காந்தம் பொருத்திய சட்டங்களை எடுத்து அடுக்கிக் கனசதுரக் கட்டமைப்புகளை எழுப்பிக் காட்டினர். அதே ஆண்டின் இறுதியில் பிரான்சின் ஓர்லேயான் நகரில், சூரிச் தொழில்நுட்பக் கழகத்தின் ரஃபேலோ டி ஆண்ட்ரேயாவும் கட்டடக் கலைஞர்களான கிராமாசியோ, கோலர் ஆகியோரும் பார்வையாளர்களின் கண்முன் ஒரு கோபுரத்தை எழுப்பினர். நாற்சுழலிகள் 1500 நுரைக் கட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கி 6 மீட்டர் உயரக் கோபுரமாக்கின. 2015இல் டி ஆண்ட்ரேயாவின் பறக்கும் கூடத்தில் ட்ரோன்கள் கயிற்றை முடிந்து முடிந்து 7.4 மீட்டர் நீளப் பாலம் ஒன்றைப் பின்னின. அதில் ஒரு மனிதர் நடந்தும் சென்றார்.

கூடத்திலிருந்து வெளியே

இந்தக் காட்சிகளைப் பார்த்தவர்கள், அடுத்த ஆண்டே ட்ரோன்கள் வீடு கட்டும் என்று நினைத்திருக்கக் கூடும். அப்படி நடக்கவில்லை. அக்கூடங்களில் காற்று வீசவில்லை. சுவர்களிலும் கூரையிலும் பொருத்தப்பட்ட கேமராக்கள், ஒவ்வொரு ட்ரோனும் எங்கே இருக்கிறது என்பதை மிகத் துல்லியமாக அளந்து சொல்லிக்கொண்டே இருந்தன. வெளியே அந்தக் கேமராக்கள் இல்லை. செயற்கைக்கோள் வழி கிடைக்கும் இருப்பிடத் தகவலில் சில மீட்டர் பிழை வரலாம். பாலத்தின் அடியிலும் பள்ளத்தாக்கிலும் அதுவும் சரியாகக் கிடைக்காது.

வெளியுலகுக்கு வருவதற்கான கூட்டு முயற்சிகள் ஐரோப்பாவில் வலுப்பெற்றன. ஸ்பெயினின் செவில் பல்கலைக்கழகப் பேராசிரியர் அனிபால் ஒலேரோ ஒருங்கிணைத்த ஆர்காஸ் திட்டம் 2011 முதல் 2015 வரை நடந்தது. பல ட்ரோன்கள் சேர்ந்து ஒரு கட்டமைப்பைப் பொருத்துவது அதன் நோக்கம். இத்திட்டத்தில் பங்கேற்ற ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம், ஆலைகளில் பயன்படும் ஏழு மூட்டு எந்திரக் கையை ஆளில்லா ஹெலிகாப்டரில் பொருத்திப் பறக்க வைத்தது. கை அசைந்தபோதெல்லாம் ஹெலிகாப்டரும் ஆடியது. எனவே கையும் உடலும் ஒரே உடம்பாகச் சேர்த்துக் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்பது தெளிவாயிற்று.

2015இல் தொடங்கிய ஏரோஆர்ம்ஸ் திட்டம் குறிக்கோளைச் சுருக்கிக்கொண்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் உயரத்தில் ஓடும் குழாய்களின் சுவர் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை மீயொலிக் கருவியால் தொட்டு அளப்பதே அதன் முக்கிய வேலை. கட்டுவதைவிடத் தொட்டு அளப்பது சிறிய வேலை. ஆனால் அதைச் செய்யத்தான் சாரம் கட்டி மனிதர்களை மேலே ஏற்றுகிறார்கள். சாரம் கட்டும் செலவும் நாள்களும் பல இடங்களில் சோதனையைவிட அதிகம். கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் மின்வாரியமும் இவ்வழியில் சென்று, மின்சாரம் பாயும் உயர் அழுத்தக் கம்பியின் மேலேயே அமர்ந்து அதன் நிலையைச் சோதிக்கும் ட்ரோனை உருவாக்கியது.

சாயாமல் தள்ளுதல்

சாய்ந்தால்தான் நகர முடியும் என்னும் பழைய குறையை நீக்கச் சிலர் ட்ரோனின் உடலையே மாற்றினர். 2016இல் சூரிச்சில் டாரியோ பிரெஷானினியும் டி ஆண்ட்ரேயாவும், எட்டுச் சுழலிகளை வெவ்வேறு திசை நோக்கிப் பொருத்திய பறக்கும் எந்திரத்தை உருவாக்கினர். எந்தப் பக்கமும் சாயாமல் எந்தத் திசையிலும் அதனால் நகர முடிந்தது. தலைகீழாகவும் நிற்க முடிந்தது. அதே கழகத்தின் மாணவர்கள் உருவாக்கிய வோலிரோ என்னும் ட்ரோனில், ஒவ்வொரு சுழலியும் தன் தண்டைச் சுற்றித் திரும்பும். உடல் சமமாக நிற்க, சுழலிகள் மட்டும் திரும்பிச் சுவரை நோக்கித் தள்ளும். மாணவர் திட்டமாகத் தொடங்கிய இது பின்னர் ஒரு நிறுவனமாக வளர்ந்து, தொட்டுச் சோதிக்கும் ட்ரோன்களைத் தொழில்துறைக்கு வழங்கி வருகிறது.

பறவையும் குளவியும் தந்த பாடம்

வேறு சிலர் இயற்கையைப் பார்த்தனர். கழுகு மீனைப் பிடிக்கும்போது நின்று பிடிப்பதில்லை. பறக்கும் வேகத்தில் காலைப் பின்னோக்கி வீசுவதால், அந்தக் கணத்தில் நகத்துக்கும் மீனுக்கும் இடையே வேக வேறுபாடு குறைகிறது. 2013இல் விஜய் குமாரின் குழுவைச் சேர்ந்த ஜஸ்டின் தாமஸ் முதலியோர் இந்த முறையில், நிற்காமலே பொருளைக் கவ்விச் செல்லும் நாற்சுழலியைச் செய்துகாட்டினர்.

2018இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகமும் வெளியிட்ட ஃபிளைக்ரோடக் குளவியிடமிருந்து பாடம் கற்றது. குளவி, தூக்க முடியாத இரையைத் தரையில் ஊன்றி இழுத்துச் செல்லும். ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ள இச்சிறு ட்ரோன், பறந்து சென்று ஓரிடத்தில் இறங்கி, பல்லியின் பாதம் போன்ற ஒட்டும் பரப்பாலோ நுண் முட்களாலோ பற்றிக்கொண்டு, கயிற்றைச் சுருட்டி இழுக்கும். இவ்வாறு தன் எடையைப் போல் 40 மடங்கு வரை அதனால் இழுக்க முடிந்தது. இரண்டு ட்ரோன்கள் சேர்ந்து, ஒன்று கைப்பிடியை அழுத்த, மற்றொன்று இழுக்க, ஒரு கதவைத் திறந்தன. பறப்பவை வலிமை பெற வேண்டுமானால் பறப்பதை நிறுத்தி எதையேனும் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது இதன் பாடம்.

2022இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிர்கோ கோவாச் தலைமையிலான குழு, கூட்டாகக் கட்டும் குளவி, தேனீ போன்றவற்றின் வழியைப் பின்பற்றியது. ஒரு ட்ரோன் நுரைப்பொருளைப் பிதுக்கிக்கொண்டே வட்டமிட, மற்றொன்று ஒவ்வோர் அடுக்கையும் அளந்து பார்க்க, 72 அடுக்குகளில் 2.05 மீட்டர் உயர உருளை எழுந்தது.

பாறைச் சரிவில் ஒரு செடி

கைக்கு என்ன மதிப்பு என்பதை ஹவாய்த் தீவுகளின் கதை நன்கு காட்டும். கவாய் தீவின் கலலாவ் பள்ளத்தாக்கில் 1991இல் தாவரவியலாளர்கள், செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதிய சிறுமரத்தைக் கண்டனர். கண்டவர்களுள் ஒருவரான கென்னத் வுட்டைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு ஹிபிஸ்கடெல்பஸ் வுடியை என்று 1995இல் பெயரிடப்பட்டது. அப்போது தெரிந்தவை நான்கே மரங்கள். மூன்று, பாறை உருண்டு நசுங்கின. கடைசி மரம் 2011இல் பட்டுப்போயிருந்தது. 2016இல் அது அழிந்த இனமாக அறிவிக்கப்பட்டது.

2019 ஜனவரியில் அமெரிக்கத் தேசிய வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தினர் அதே பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவுகளில் ட்ரோனைப் பறக்கவிட்டு, அம்மரங்கள் உயிரோடு நிற்பதைக் கண்டனர். அழிந்துவிட்டது என்று எழுதப்பட்ட பெயரை ஒரு கண் மீட்டது. ஆனால் ஒரு மரத்தைக் காப்பாற்ற அதன் படம் போதாது. விதையோ கிளைத்துண்டோ வேண்டும். மரங்கள் நின்ற இடமோ, கயிறு கட்டி இறங்குவோரும் எளிதில் அணுக முடியாதது.

இதுபோன்ற சரிவுகளுக்காக அத்தோட்டமும், கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகமும், அங்கிருந்து தோன்றிய அவுட்ரீச் ரோபாட்டிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து மாம்பா என்னும் கருவியை உருவாக்கின. இதில் எந்திரக் கை ட்ரோனின் உடலில் இல்லை. நீண்ட வடத்தில் கீழே தொங்குகிறது. ட்ரோன் பாறையிலிருந்து பாதுகாப்பான தொலைவில் பறக்க, தொங்கும் கை தனக்கென உள்ள சிறு சுழலிகளால் பாறையை நோக்கி நகர்ந்து, கிளையைப் பிடித்து வெட்டி எடுத்து வருகிறது. கையின் அதிர்ச்சி ட்ரோனை அடையாதபடி வடம் தடுக்கிறது. கவாயில் மட்டுமே வாழும், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த வில்கேசியா ஹோப்டியை என்னும் அரிய செடியின் துண்டுகளும் விதைகளும் இவ்வாறு எடுக்கப்பட்டன. அவை தோட்டத்தில் வளர்க்கப் பயன்படுகின்றன.

எஞ்சியுள்ள தடைகள்

இத்துறையின் பெரிய தடை ஆற்றல். மின்கலத்தில் இயங்கும் ட்ரோன்களுள் பெரும்பாலானவற்றால் நெடுநேரம் பறக்க முடியாது. கையின் எடை கூடக் கூடப் பறக்கும் நேரம் குறையும். காற்று வீசும் இடங்களில் துல்லியம் குறையும். மனிதர் நடமாடும் இடத்தில், வேகமாகச் சுழலும் சுழலிகளோடு ஒன்றைத் தொடவிடுவது ஆபத்தானது. பெரும்பாலான வேலைகளில் இன்னும் ஒரு பயிற்சி பெற்ற இயக்குநர் தரையில் நின்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. கருவியைப் பிடிக்கத் தெரிந்த கை ஆயுதத்தையும் பிடிக்கும் என்னும் அச்சமும் இத்துறையைத் தொடர்ந்து வருகிறது.

இதுவரையிலான வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். வெற்றி பெற்றவை வலிமையைக் கூட்டிய முயற்சிகள் அல்ல. யேலின் மெல்லிய விரல், சூரிச்சின் திரும்பும் சுழலி, ஸ்டான்போர்டின் பற்றும் பாதம், கவாயின் நீண்ட வடம் ஆகிய ஒவ்வொன்றும் எதிர்விசையை எதிர்த்து நிற்காமல், அதற்கு வளைந்து கொடுக்கவோ அதை வேறிடத்தில் இறக்கி வைக்கவோ வழி கண்டது. ட்ரோன்கள் கோபுரம் கட்டும் காலம் இன்னும் வரவில்லை. குழாயின் தடிப்பை அளப்பது, மின்கம்பியைச் சோதிப்பது, ஒரு செடியின் விதையைக் கொண்டுவருவது போன்ற சிறு வேலைகளில் அவை நிலைபெற்று வருகின்றன. அந்தச் சிறு வேலைகளுக்காகத்தான் இதுவரை ஒருவர் கயிற்றில் தொங்க வேண்டியிருந்தது.